சர்க்கரை நோய்க்கு அறுவை: ரோபோ செய்வதும் செய்யாததும்

நம் மும்பைத் தமிழர் வீடுகளில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத வீடு அரிதாகிவிட்டது. மாட்டுங்கா கடைத்தெருவிலோ செம்பூர் கோயில் வாசலிலோ இரண்டு பேர் சந்தித்து, "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டால், அது வயதைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ எழுந்த கேள்வி அல்ல, சர்க்கரை அளவைப் பற்றியது! 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர்.

இந்தப் பேச்சுகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய சொல் நுழைந்திருக்கிறது. "ரோபோ ஆபரேஷன் செய்துகொண்டால் சர்க்கரை அடியோடு போய்விடுமாமே?" என்று கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துகொள்ளலாமா என்று எண்ணுவோரும் உண்டு. "ஐயோ, வயிற்றில் கத்தியா!" என்று காதைப் பொத்திக்கொள்வோரும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படும்படி, இந்த அறுவை என்ன செய்கிறது, அதில் ரோபோவின் பங்கு எவ்வளவு, யாருக்கு இது ஏற்றது என்பதைப் பார்ப்போம்.

வயிற்றை அறுத்தால் சர்க்கரை ஏன் குறைகிறது?

நீரிழிவு என்றவுடன் நாம் கணையத்தைத்தான் நினைக்கிறோம். இன்சுலினைச் சுரப்பது கணையம் என்பதால் அது சரிதான். ஆனால் எப்போது, எவ்வளவு சுரக்கவேண்டும் என்று கணையத்துக்குச் சேதி அனுப்புவதில் குடலுக்குப் பெரும் பங்கு உண்டு. உணவு குடலைத் தொட்டதும் அங்கிருந்து பல சுரப்புநீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று ஜி.எல்.பி.-1. இது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது, பசியையும் அடக்குகிறது.

எடைக்குறைப்பு அறுவையில் இன்று பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு வகை. முதலாவது, இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டியெடுத்து, மிஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக்கிவிடுவது. இதை 'ஸ்லீவ்' என்பார்கள். பசியைத் தூண்டும் சுரப்புநீர் பெரும்பாலும் வெட்டியெடுக்கப்படும் பகுதியில்தான் உண்டாகிறது. ஆகவே உண்ணும் அளவு குறைவதோடு பசியும் குறைகிறது.

இரண்டாவது 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். மும்பைவாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஸ்லோ லோக்கல் தாதருக்குப் பிறகு மாட்டுங்கா, சயான் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று குர்லாவுக்குப் போகிறது. ஃபாஸ்ட் லோக்கலோ தாதரை விட்டால் குர்லாவில்தான் நிற்கும். அதுபோல் பைபாஸ் செய்த வயிற்றில் உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் தாண்டி, கீழ்க்குடலுக்கு விரைவில் போய்ச் சேர்கிறது. அங்கே ஜி.எல்.பி.-1 சுரப்பு பல மடங்கு பெருகுகிறது. உணவு குறைவதால் கல்லீரலில் படிந்த கொழுப்பும் சில நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது. அதனால்தான் எடை குறைவதற்கு முன்பே, பலருக்கு ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும்போதே, சர்க்கரை அளவு இறங்கிவிடுகிறது.

"யார் நினைத்திருப்பார்கள்?"

இது யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடித்தது அன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர் உடல் பருமனுக்காகப் பைபாஸ் செய்துவந்தார். 1995இல் அவரும் அவருடைய குழுவினரும் தம் கணக்கை வெளியிட்டார்கள். நீரிழிவு இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. அவர்களே வியந்துபோய், 'யார் நினைத்திருப்பார்கள்?' என்றுதான் கட்டுரைத் தலைப்பைத் தொடங்கினார்கள். 2004இல் பிரான்செஸ்கோ ருபினோ என்ற இத்தாலிய மருத்துவர், பருமனில்லாத நீரிழிவு எலிகளுக்கு முன்சிறுகுடலைத் தாண்டும் அறுவையைச் செய்துபார்த்தார். எடை குறையாமலே சர்க்கரை குறைந்தது. எடை மட்டுமே காரணமன்று, குடலுக்கும் இதில் கை உண்டு என்பதற்கு அது நல்ல சான்றாயிற்று.

2015இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, இரண்டாம் வகை நீரிழிவுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றாகவே இந்த அறுவையைச் சேர்த்தது. அதன் பரிந்துரைகளை 45 மருத்துவ அமைப்புகள் ஏற்றுக்கொண்டன. அறுவை நிபுணர்களோடு நீரிழிவு மருத்துவர்களின் சங்கங்களும் அவற்றுள் அடக்கம் என்பது கவனிக்கத்தக்கது.

நம் ஊரிலும் இது புதிதன்று. 2011இல் அப்போதைய பாரதீய ஜனதா கட்சித் தலைவர் நிதின் கட்கரி மும்பையில் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டார். 2014இல் அன்றைய மத்திய நிதியமைச்சர் அருண் ஜேட்லி டெல்லியில் செய்துகொண்டார். நெடுநாள் நீரிழிவால் கூடிய எடையைக் குறைப்பதற்காக என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2017இல் எகிப்திலிருந்து ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி சர்னி ரோடு சைஃபி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் மும்பையைப் பற்றி எழுதின. அந்தச் செய்திகளால், இது பிரமுகர்களுக்கும் நடக்க முடியாத அளவு பருத்தவர்களுக்கும் மட்டுமே உரிய சிகிச்சை என்ற எண்ணம் நம்மவரிடையே பதிந்துவிட்டது. அது சரியன்று.

நிரந்தரத் தீர்வா?

இங்கேதான் நிதானம் தேவை. மருத்துவர்கள் 'குணம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'தணிவு' என்கிறார்கள். மருந்தை நிறுத்தி மூன்று மாதங்களுக்குப் பிறகும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 6.5க்குக் கீழே இருந்தால் அது தணிவு. தணிந்த நெருப்பு மீண்டும் மூளக்கூடும்.

சுவீடனில் நடந்த நீண்டகால ஆய்வில், அறுவை செய்துகொண்ட நீரிழிவுக்காரர்களில் 2 ஆண்டுகள் கழித்து 72 விழுக்காட்டினர் தணிவில் இருந்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து அது 30 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அங்கு செய்யப்பட்டவை பெரும்பாலும் பழைய முறை அறுவைகள் என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை ஆய்வு 2017இல் தன் ஐந்தாண்டுக் கணக்கைச் சொன்னது. எச்.பி.ஏ.1.சி. 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 விழுக்காடு, ஸ்லீவ் செய்தவர்களில் 23 விழுக்காடு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு. ரோம் நகரில் 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், அறுவை செய்துகொண்ட 40 பேரில் 15 பேர் கடைசிவரை தணிவிலேயே இருந்தார்கள்.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். "பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறதே" என்பது ஒன்று. நோய் திரும்பியவர்களுக்கும் பல ஆண்டுகள் மருந்து குறைந்திருந்தது, கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றுக்கு வரும் கேடுகள் தள்ளிப்போயின என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மை.

யாருக்குத் தணிவு கிடைக்கிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் சாரமே இருக்கிறது. நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள், இன்னும் இன்சுலின் ஊசிக்குப் போகாதவர்கள், கணையத்தில் சுரப்புச் சக்தி மிச்சமுள்ளவர்கள் ஆகியோருக்கே பலன் அதிகம். நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் சுரப்புத் திறனில் ஏறத்தாழ பாதி போய்விட்டிருக்கும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. நம்மவர்களோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய், இன்சுலினும் போட்டுப் பார்த்து, கால் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ வந்த பிறகு 'கடைசி முயற்சி' என்று அறுவையை விசாரிக்கிறோம். கணையம் ஓய்ந்த பிறகு குடல் எத்தனை சேதி அனுப்பினாலும் பதில் சொல்ல ஆள் இராது.

முதல் வகை நீரிழிவுக்கு, அதாவது இன்சுலின் சுரப்பே நின்றுபோய்ப் பெரும்பாலும் இளம் வயதில் வரும் நோய்க்கு, இந்த அறுவை தீர்வன்று என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ரோபோ என்ன செய்கிறது?

'ரோபோ அறுவை' என்றதும் இயந்திர மனிதன் ஒருவன் கத்தியோடு நிற்பதாக எண்ணவேண்டாம். இயந்திரம் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. அறுவை மருத்துவர் அதே அறையில் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் அமர்கிறார். வயிற்றில் போட்ட சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் உள்ளே போகின்றன. வயிற்றின் உட்புறம் பெரிதாக்கப்பட்டு, ஆழத்தோடு அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் விரலை அசைத்தால் உள்ளே கருவியின் நுனி அசையும். மணிக்கட்டைப் போல அது வளையும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். நோயாளியின் அருகில் இன்னொரு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் எப்போதும் இருப்பார்கள்.

பெல்ஜியத்தில் 1998இலேயே எடைக்குறைப்பு அறுவைக்கு ரோபோவைப் பயன்படுத்திவிட்டார்கள். 'டா வின்சி' இயந்திரத்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி 2000இல் கிடைத்தது. இன்று மும்பையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் ரோபோ உண்டு. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் 2022இல் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டது. குருகிராமில் தயாராகும் 'எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா' என்ற இந்திய இயந்திரமும் வந்துவிட்டது.

சரி, ரோபோவால் செய்தால் சர்க்கரை அதிகமாகக் குறையுமா? குறையாது. சர்க்கரையைக் குறைப்பது இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படும் மாற்றம். அதைச் சாதாரண லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தாலும் ரோபோ மூலம் செய்தாலும் உள்ளே நடப்பது ஒன்றேதான். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எடைக் குறைவிலோ சர்க்கரைக் கட்டுப்பாட்டிலோ பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ரோபோ அறுவைக்கு நேரம் கூடுதலாகிறது. அதன் கருவிகளைக் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் பயன்படுத்த முடியாது என்பதால் செலவும் கூடுகிறது.

அதற்காக ரோபோவே வீண் என்று சொல்லவில்லை. வயிற்றுச் சுவர் மிகத் தடித்த, மிகவும் பருத்த நோயாளிகளிடத்தும், ஏற்கெனவே செய்த அறுவையைத் திருத்திச் செய்யும்போதும், மருத்துவரின் கை சோராமல் நுணுக்கமாகத் தைக்க அது உதவுகிறது. ஆனால் ரோபோவில் செய்ய வசதியில்லையே என்பதற்காக அறுவையையே தள்ளிப்போடுவதும், ரோபோ என்ற பெயருக்காகக் கடன் வாங்குவதும் தேவையற்றவை. நன்கு பழகிய மருத்துவரின் லேப்ராஸ்கோப்பி, புதிதாகப் பழகுபவரின் ரோபோவைவிட மேலானது.

ஒல்லியாக இருந்தும் கொழுப்பா?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. என்ற எண். மேலைநாட்டார் 30க்கு மேல் இருந்தால் பருமன் என்கிறார்கள். நமக்கு 25இலேயே பருமன் தொடங்கிவிடுகிறது என்பது இந்திய மருத்துவர்களின் முடிவு. காரணம், நம் உடல்வாகு.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த தம் நண்பர் ஜான் யுட்கினோடு சேர்ந்து 2004இல் ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மவர்களுக்கு நடுத்தர எடையிலேயே நீரிழிவு வருவதன் மர்மம் இதில் இருக்கிறது.

ஆகவே அறுவைக்கான அளவுகோலும் ஆசியர்களுக்குத் தாழ்த்தப்பட்டிருக்கிறது. 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்படி, ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையைப் பரிசீலிக்கலாம். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது 75 கிலோ. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி எல்லாம் செய்தும் சர்க்கரை அடங்காத ஒருவர் அந்த எடையில் இருந்தால், மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் கத்தி இல்லாத வழிகளும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2017இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், நோய் வந்து 6 ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள் மூன்று முதல் ஐந்து மாதங்கள் மருத்துவக் கண்காணிப்பில் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி உணவு மட்டும் உண்டார்கள். ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்குத் தணிந்தது. 2025இல் மௌன்ஜாரோ, வெகோவி என்ற வாராந்திர ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. குடல் சுரக்கும் அதே ஜி.எல்.பி.-1இன் வேலையைச் செய்பவை இவை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. இந்த வழிகளை மருத்துவரோடு ஆலோசித்துப் பார்த்த பிறகே கத்தியைப் பற்றி முடிவு செய்வது முறை.

இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது?

நம் குடும்பங்களுக்கு இதுவே முதல் கேள்வி. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, எடைக்குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்க நோயாளிக்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்கவேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு, இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்றவை இருந்து, எடையைக் குறைக்கும் எளிய வழிகள் பலிக்காமல் போயிருந்தால் 35 போதும்.

மேலே சொன்ன அதே 165 செ.மீ. உயரக்காரருக்கு 35 என்பது சுமார் 95 கிலோ. மருத்துவ வழிகாட்டுதல் 75 கிலோவில் கதவைத் திறக்கிறது; இன்சூரன்ஸ் 95 கிலோவில்தான் திறக்கிறது. இடைப்பட்ட 20 கிலோவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தம் கைப்பணத்தையே நம்பவேண்டியிருக்கும். ரோபோ அறுவையைக் காப்பீட்டிலிருந்து முழுமையாக விலக்கக்கூடாது என்றும் அதே ஆண்டு சொல்லப்பட்டது. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைக்கக் கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு. ஆகவே பாலிசிப் பத்திரத்தில் 'ரோபோ' என்ற இடத்தில் எவ்வளவு தொகை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, முன் அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே ஆஸ்பத்திரியில் சேரவேண்டும்.

அறுவைக்குப் பிறகு

இந்த அறுவையில் உயிர் ஆபத்து பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தையலில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைதல் ஆகியவையும் சிலருக்கு நேரலாம். எல்லா அவசரத்துக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்துகொள்ளவேண்டும்.

முதல் சில வாரங்கள் மோர், பருப்புத் தண்ணீர் போன்ற நீராகாரம். பிறகு மசித்த உணவு. அதன் பின்னும் தட்டில் முதலில் பருப்பு, முட்டை, மீன், தயிர், சோறு கடைசியில்தான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. பைபாஸ் செய்தவர்கள் இனிப்பைச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும். பீடி, சிகரெட், வலி மாத்திரை ஆகியவை குடலில் புண் உண்டாக்கும். மது வெகுவேகமாகத் தலைக்கேறும். இளம்பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடவேண்டும்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் எடுத்துக்கொள்ளவேண்டும். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 மிகவும் முக்கியம். அதை அலட்சியம் செய்தால் நரம்புகள் பழுதாகும். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். அளவை மருத்துவர் மாற்றவேண்டும். நாமே நிறுத்தவும் கூடாது.

நம் மக்களுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் ஓய்வுக்காகத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விடுகிறோம். இங்கே பார்த்த டாக்டர் அங்கே இல்லை. அங்கே பார்க்கிற டாக்டருக்கு இங்கே என்ன செய்தார்கள் என்று தெரியாது. ஆகவே ஸ்லீவா பைபாஸா என்று தெளிவாக எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைப் பெட்டியில் முதலில் வையுங்கள். முதல் மூன்று மாதங்களாவது மும்பையிலேயே இருந்து பரிசோதனைக்குப் போவது நல்லது.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

முடிவெடுக்குமுன் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். என் கணையத்தில் எவ்வளவு சுரப்பு மிச்சமிருக்கிறது, அதற்கான சி-பெப்டைட் பரிசோதனை செய்தீர்களா? எனக்கு ஸ்லீவா, பைபாஸா, ஏன்? இதே அறுவையை நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? லேப்ராஸ்கோப்பியை விட்டு ரோபோவில் செய்வதால் என் உடம்புக்கு என்ன தனி நன்மை? ஐந்து ஆண்டுகள் கழித்தும் என்னைக் கவனிக்க உணவு ஆலோசகரும் நீரிழிவு மருத்துவரும் உங்கள் குழுவில் உண்டா? நல்ல டாக்டர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக வீட்டில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுச் சர்க்கரை நோயாளிக்கு நோய் வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின, கடைசியாக எச்.பி.ஏ.1.சி. பார்த்தது எப்போது, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று மாத்திரை போட்டும் அளவு 8க்கு மேலேயே நிற்கிறது என்றால், "அடுத்த தீபாவளி கழியட்டும்" என்று தள்ளாமல் இந்த மாதமே நீரிழிவு மருத்துவரைப் பாருங்கள். ரோபோவை எப்போது வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். கணையம் அவ்வளவு காலம் காத்திருக்காது.